உள்நாடு எனக்கு, வெளிநாடு அவளுக்கு

அமெரிக்க ஜனாதிபதிகள் எட்டுப் பேரை நானும் அவளும் நடுவில் அறுத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். உள்நாட்டுக் கொள்கை எனக்கு, வெளிநாட்டுக் கொள்கை அவளுக்கு. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவளுடைய அத்தா வைத்திருந்த இரும்புக்கடையின் பின்கட்டில், ஆணி மூட்டைகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பாகப்பிரிவினையைச் செய்து முடித்தோம்.

இரண்டு பேரும் அஞ்சல்வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தோம். மற்றதெல்லாம் தேறியாகிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு பேப்பர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா. கல்வராயன் மலையில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்காதீர்கள். பட்டம் வேண்டுமென்றால் அவர்கள் கொடுக்கிற பேப்பரை எழுதித்தான் ஆக வேண்டும். நான் அப்போது வெள்ளிமலைக்குப் பக்கத்தில் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. அவள் வீட்டில் இருந்தாள்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகத்தான் பாடக் கட்டு வந்தது. என்னுடையதைப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனேன். கோடை விடுமுறை முடிந்து வந்து திறந்தால் கறையான் அதைப் படித்து முடித்திருந்தது. ஜெராக்ஸ் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளிடம் போய் நின்றேன். அவள் எழுந்தாள். கடையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வந்து தன்னுடைய கட்டின் தையலைப் பிரித்தாள்.

"ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பாகம் இருக்குது. உள்நாடு ஒண்ணு, வெளிநாடு ஒண்ணு. ஒனக்கு எது வேணும்?"

"நான் மலைய வுட்டு எங்க போகப்போறேன்? உள்நாடே குடு."

இப்போது நினைத்தால் அந்தப் பதில் அவ்வளவு சரியாக இருக்கிறது. எனக்கே எரிச்சலாக வருகிறது.

ஏற்பாடு இதுதான். ஆளுக்கொரு பாதியை மூன்று மாதம் வைத்துப் படிப்பது. மாதம் ஒரு சனிக்கிழமை நான் மலையிறங்கி வரும்போது பின்கட்டில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்பது. பரீட்சைக்கு ஏழு நாள் இருக்கும்போது பாதிகளை மாற்றிக்கொள்வது. அவளுடைய பாதி காலைப் பேருந்தில் மலையேறும், என்னுடையது அதே பேருந்தில் சாயங்காலம் இறங்கும். மலைக்கு அப்போது வந்து போனது அந்த ஒரு பேருந்துதான். மாத்திரை, மளிகை, கல்யாணப் பத்திரிகை என்று சகலத்தையும் அதன் கண்டக்டர்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அமெரிக்காவும் அவர் கையில்தான்.

பாடத்தில் ஜனாதிபதிகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் பட்டப்பெயர் வைத்தோம். போரை முடித்தவர் ஒரு காலத்தில் துணிக்கடை வைத்து நொடித்துப் போனவராம். கடைக்காரர் மகளான அவளுக்கு இதில் தனிப் பிரியம். அவர் துணிக்கடைக்காரர் ஆனார். அடுத்தவர் தளபதி. அதற்கடுத்தவர் சின்ன வயசுக்காரர், சுட்டுக் கொல்லப்பட்டவர். அப்புறம் வாத்தியார், ஒட்டுக்கேட்டவர், ஓட்டு வாங்காமல் வந்தவர், மல்லாட்டைக்காரர். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. உலகத்தையே ஆட்டிவைக்கிற நாற்காலியில் மல்லாட்டை போட்டவர் ஒருத்தர் உட்கார்ந்தார் என்று படித்தபோது எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டாவது ஆள் அப்போது பதவியில் இருந்தவர், சினிமாக்காரர். சினிமாக்காரர் நாட்டை ஆளுவது தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதியா?

பாதிப் பாதியாகப் படித்ததில் ஒரு கூத்து நடந்தது. எட்டுப் பேரைப் பற்றியும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. என் கட்டில் வாத்தியார் தங்கமான மனிதர். இளவயதில் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை உறுதி செய்து சட்டம் போட்டவர், வறுமையோடு போர் தொடுக்கிறேன் என்றவர். காலமெல்லாம் சங்கிலியில் கட்டிவைத்திருந்தவனை ஒருநாள் அவிழ்த்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து ஓடு, இனி எல்லாம் சமம் என்று சொல்வது நியாயமாகாது என்று பேசியவர். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து அவரைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அவள் கட்டில் அதே மனிதர் வியட்நாமில் குண்டு மாரி பொழிந்துகொண்டிருந்தார்.

"ஒன் பாதியில நல்லவரு, என் பாதியில கெட்டவரு. ஒரே ஆளாடி இது?" என்றாள்.

"ஒட்டுக்கேட்டவர எடுத்துக்க. என் பாதியில திருட்டு வேலை பண்ணி ராஜினாமா பண்ணிட்டுப் போறாரு."

"என் பாதியில சீனாவுக்குப் போய் ராசியாயிட்டு வர்றாரு. நம்ம கடல் பக்கம் கப்பல அனுப்பி மெரட்டவும் செய்றாரு. நீ வெளிநாட்டையும் படிச்சாத்தான் ஒனக்குப் புத்தி வரும்."

ஒருநாள் அவள் தன் பாதியில் ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். நம் நாட்டில் மழை பொய்த்த வருஷங்களில் அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. வியட்நாம் போரைப் பற்றி நம்மவர்கள் குறைசொல்லப்போக, வாத்தியார் கோபித்துக்கொண்டு கோதுமையை மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலேற்றினாராம். அவளும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பள்ளிக்கூடம். கள்ளக்குறிச்சியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். மத்தியானம் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் கோதுமை ரவை உப்புமாவைத்தான். பால் பவுடர் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும். ஒரு நாள் உப்புமா கம்மியாகிவிட்டால் அவள் தன் தட்டிலிருந்து பாதியைத் தள்ளுவாள்.

"நாம தின்ன உப்புமா என் பாதியில கீதுடி. நம்ம தட்டுல வந்து வுழறதுக்கு அவரு கோவம் தணிய வேண்டி இருந்திருக்குது பாரு."

அவள் அப்படித்தான் படிப்பாள். எந்த நாட்டு விஷயமானாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கள் தட்டில் கொண்டுவந்து நிறுத்துவாள். கட்டின் ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்பு எழுதிவைத்திருப்பாள். நான் அப்படியெல்லாம் படிக்கிறவள் இல்லை. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஜாதி. அவளுக்கு வாத்தியாராகப் போகிற தகுதி என்னைவிடப் பல மடங்கு இருந்தது என்பதை அன்றைக்கே நான் அறிவேன்.

அவள் வாத்தியாராவது அந்தப் பேப்பரில்தான் இருந்தது. அவளுடைய அத்தா கெட்டவர் இல்லை. ஊர் வாயை அடைத்து அவளை அவ்வளவு தூரம் படிக்கவைத்தவர் அவர்தான். ஆனால் குவைத்தில் வேலையாக இருந்த உறவுக்காரப் பையனின் வீட்டார் பெண் கேட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதற்கு மேல் அவர்களை நிறுத்திவைக்க முடியாது என்றார். "இந்தப் பேப்பர் பாஸாயிட்டா பி.எட். சேர்த்துவுடறேன், நிக்காஹ் அப்புறம் பார்த்துக்கலாம். ஆவலன்னா அத்தா பேச்சக் கேக்கணும்." இதுதான் அவர் போட்ட ஒப்பந்தம். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அவளுக்குத் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை இருந்தது. எனக்கும்தான்.

சொன்னபடி, பரீட்சைக்கு ஏழு நாள் முன்பு காலைப் பேருந்தில் அவளுடைய பாதி வந்து சேர்ந்தது. செய்தித்தாளில் சுற்றி, கடையில் கம்பி கட்டுகிற சணலால் கட்டி, மேலே "வெளிநாடு பத்திரம்" என்று எழுதியிருந்தாள். கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து கையில் கொடுத்தார். சாயங்காலம் இறங்கும்போது என்னுடையதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் இரண்டு பாதிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு புத்தகம் முதன்முதலாக முழுசாக இருந்தது. துணிக்கடைக்காரரின் உள்நாட்டுக்குப் பக்கத்தில் அவருடைய வெளிநாடு. வாத்தியாரின் ஓட்டுரிமைச் சட்டத்துக்குப் பக்கத்தில் வியட்நாம். ஓரத்தில் அவள் பென்சில் எழுத்து. ஒவ்வொருவரையும் முழு ஆளாகச் சேர்த்துப் படிக்கப் படிக்க ஆசை மூண்டுவிட்டது. இன்னும் ஒரே ஒரு நாள் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடும்?

சாயங்காலம் பேருந்து வந்து ஹாரன் அடித்தது. வெறுங்கையோடு வாசலுக்குப் போனேன்.

"நாளைக்குக் குடுக்கறேண்ணே. ஒரு நாள் வெச்சிருந்து தர்றேன்."

"சரிங்க டீச்சர்," என்றார் கண்டக்டர். பேருந்து இறங்கிப் போயிற்று.

மறுநாள் பேருந்து வரவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஜனங்கள் சாலை மறியல் தொடங்கிய வாரம் அது. ஒரு வாரத்துக்கு வண்டி ஓடாது என்ற பேச்சு முன்பே காதில் விழுந்திருந்தது. பேச்சுத்தானே என்று இருந்துவிட்டேன். மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள் என்று கீழேயிருந்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். வடக்கே எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்றும் சொன்னார்கள். என் அண்ணன் அதில் இருப்பான் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் பி.ஏ. படித்தவன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதே ஆலையில் குமாஸ்தா வேலைக்கு இரண்டு தரம் எழுதிப்போட்டு இரண்டு தரமும் கிடைக்காமல், திரும்ப வந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மரம் வெட்டிச் சாய்த்ததைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாள் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. முழுப் புத்தகமும் என்னிடம். நாளைக்குப் பேருந்து வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே படித்தேன். நான்காம் நாள்தான் அந்தக் கேள்வி வந்தது. என்னிடம் இரண்டு பாதியும் இருக்கிறது என்றால் அவளிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவளுடைய புத்தகம், அவள் பிரித்துக் கொடுத்தது, அவளிடம் ஒரு தாள்கூட இல்லை. ஐந்தாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. ஆறாம் நாள் விடிந்ததும், கடுக்காய் மூட்டையோடு கச்சிராயபாளையம் இறங்கிய மலைக்காரப் பெண்மணி ஒருவரோடு ஒற்றையடிப் பாதையில் நடையைக் கட்டினேன். மஞ்சள் பையில் எட்டு ஜனாதிபதிகள். மறுநாள் காலையில் பரீட்சை.

"இத்தினி காயிதத்தத் தூக்கிக்கினு எங்க போற டீச்சரம்மா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"இன்னொருத்தியோடதுங்க. குடுக்கணும்."

"அப்ப அன்னிக்கே குடுத்திருக்கலாமே," என்றார் சாதாரணமாக. எனக்கு மூக்கு உடைந்தது. 

மத்தியானம் அடிவாரம் சேர்ந்தபோது சாலை முழுக்க ஒரே பச்சையாகக் கிடந்தது. முந்தின நாள் வெட்டுப்பட்ட புளியமரத்தில் பிஞ்சுகள்கூட இன்னும் வாடவில்லை. அதன் மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணன். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, ஆளே பாதியாகியிருந்தான்.

"இன்னாத்துக்கு எறங்கி வந்த?"

"நாளைக்குப் பரீட்சண்ணா. அவளோட புக்கு என்னாண்ட மாட்டிக்கிச்சி. கள்ளக்குறிச்சி போவணும்."

"பரீட்சையாவது ஒண்ணாவது. எல்லாத்தயும் தள்ளி வெச்சிட்டாங்க. ஈ காக்கா நகரல, எவன் வந்து பரீட்ச நடத்துவான்? நீ ஒண்டியா அந்த ரோட்டுல போவாத. அங்கங்க போலீசு நிக்கிது."

"நெஜமாத் தள்ளி வெச்சிட்டாங்களா?"

"நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கால் வலியில் மரத்தின் மேலேயே உட்கார்ந்து, அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். வாத்தியாரின் சங்கிலிக் கதையை அவனுக்குச் சொன்னேன். நீங்கள் இங்கே கேட்பதையேதான் அங்கே ஒருத்தர் கேட்டிருக்கிறார் என்றேன். பக்கத்தில் இருந்தவர்களும் காதைக் கொடுத்தார்கள்.

"அவருகிட்ட சொல்லி நம்மூருக்கும் ஒரு ஆர்டர் போடச் சொல்லு," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அது ஒரு தரம்தான் என்று அண்ணி அப்புறம் சொன்னார்.

கள்ளக்குறிச்சிக்கு அங்கிருந்து எத்தனை தூரம்? சாயங்காலத்துக்குள் நடந்திருக்கலாம். தள்ளி வைத்துவிட்டார்கள் என்ற ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. எங்கள் வீடு பக்கத்தில்தான் என்பதால் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

பரீட்சை நடந்தது. வினாத்தாள் கட்டு மறியலுக்கு முன்பே வந்து இறங்கியிருந்ததாம். மேற்பார்வையாளர்கள் எல்லோரும் கள்ளக்குறிச்சிக்காரர்கள். பெரிய ஹாலில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள். அதில் அவள் ஒருத்தி.

மரங்களை இழுத்துப்போட்டு வண்டி ஓடத் தொடங்கிய மறுநாள் மஞ்சள் பையோடு அவள் வீட்டுக்குப் போனேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு வேறு. கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

"மரத்த வெட்டிப் போட்டுட்டாங்கடி. பஸ்ஸே எறங்கல. நான் இன்னா பண்றது?"

அவள் கையிலிருந்த தாவணியை இரண்டு தரம் உதறினாள். கொடியில் போட்டாள்.

"ஆமா," என்றாள். "மரம் வுழுந்தா பஸ்ஸு இன்னா பண்ணும்?"

கேள்வித்தாள் எப்படி என்று கேட்டேன். பெரிய கேள்விகள் எல்லாம் உள்நாட்டிலிருந்து என்றாள். வாத்தியாரின் சமுதாயத் திட்டங்களை விவரிக்கச் சொல்லியிருந்தார்களாம்.

"மாசாமாசம் நீ சொன்னது ஞாபகத்துல இருந்தத எழுதினேன். அப்புறம் தாள் காலியா இருக்குதேன்னு நம்ம உப்புமாவயும் எழுதிட்டு வந்துட்டேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பையிலிருந்து கட்டுகளை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "ரெண்டயும் நீயே வெச்சிக்க. அடுத்த தரம் நீ எழுதணும் இல்ல?" என்றாள். எழுதப்போவது நீ மட்டும்தான் என்று அவள் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச மார்க்கில் போய்விட்டது அவளுக்கு. ஒப்பந்தப்படி அத்தா நிக்காஹை முடித்தார். பிரியாணி நன்றாக இருந்தது, நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குவைத்துக்குப் புறப்படுகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிநாடு எனக்குன்னு அன்னிக்கே முடிவாயிடிச்சி பாரு," என்றாள்.

ஆறு மாதம் கழித்து நான் பரீட்சை எழுதினேன். அந்தத் தரம் வெளிநாடு நிறைய வந்தது. அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்ததை அப்படியே எழுதினேன். அந்தக் கோதுமைக் கப்பலையும் எழுதினேன். முதல் வகுப்பு. அந்தப் பட்டத்தால்தான் பிற்பாடு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன், தலைமை ஆசிரியை ஆனேன். ஓய்வு பெற்ற விழாவில் என் உழைப்பைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். நான் குனிந்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில் வெயிலைப் பற்றியும், வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுதியிருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய் நிற்பாளாம். இரண்டாவதில் மகள் பிறந்த செய்தி. அதற்கு நான் பதில் போட்டேன். அதற்குள் குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்துவிட்டது.

வடக்கே வேறோர் இடஒதுக்கீட்டுச் சண்டை மூண்டு எரிந்த வருஷம் அது. மலையில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செய்தியில் முதல் பாதி உள்நாடு, அடுத்த பாதி வெளிநாடு. எப்போது முதல் பாதி முடியும் என்று தவியாய்த் தவிப்பேன். அமெரிக்காவில் அப்போது எங்கள் பாடத்தில் இல்லாத ஒன்பதாவது ஆள் வந்திருந்தார். பாலைவனத்துக்குப் படையை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து விழுகிற ஒரு சொல்லில் என் சிநேகிதியின் உயிர் இருந்தது. வெளிநாட்டுக் கொள்கை என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் பாடம் ஏறியது. அந்த ஒன்பதாவது ஆளுக்குப் பட்டப்பெயர் வைக்க என்னிடம் யாரும் இல்லை. எனக்குத் தனியாக வைக்க மனம் வரவில்லை. இன்றுவரை அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் யாருக்கும் கிடையாது.

அவர்கள் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று கடையில் சொன்னார்கள். நான் மலையிறங்கிப் போவதற்குள் மாமனார் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து வேறெங்கோ, மலேசியா என்று ஒருத்தர், சவூதி என்று ஒருத்தர். அத்தா இறந்த பிறகு இரும்புக்கடை கைமாறியது. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். எங்கள் ஜனங்கள் கேட்ட இடஒதுக்கீடு இரண்டு வருஷத்தில் வந்தது. அண்ணனுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டிருந்தது. அவன் மகள் அதில் படித்துச் செவிலியரானாள். அண்ணன் கதையிலாவது அடுத்த தலைமுறைக்கு ஒன்று மிஞ்சியது.

இத்தனை வருஷமும் ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு இருந்தேன். மரம்தான் தடுத்தது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அது ஒரு வகையில் நல்லதுதான் என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொள்வேன். உண்மை தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று அவளுக்காக வருத்தப்படுகிற மாதிரி வேறு.

போன வருஷம் கள்ளக்குறிச்சியில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பஞ்சு. "வெள்ளிமலை டீச்சருங்களா?" என்றார். பழைய கண்டக்டர். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, செத்தவர்கள் இருப்பவர்கள் என்று ஒரு சுற்றுப் பேசி முடித்தோம். அப்புறம் அவர் கேட்டார்.

"அந்த இரும்புக்கடப் பொண்ணு நல்லா இருக்குதுங்களா? மறியலுக்கு மொத நாளு, நீங்க அப்புறம் தர்றேன்னு சொல்லி அனுப்பனீங்களே, அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல எனக்காவ நின்னுக்கினு இருந்திச்சி. டீச்சர் ஒருநாள் வெச்சிருந்து தர்றேன்னாங்கம்மான்னு சொன்னேன்."

 "அவ இன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்லும். பரவால்லண்ணே, அவ படிக்கட்டும்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடிச்சி."

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

அப்படியானால் மாடியில் நான் மரத்தின் மேல் பழி போட்டபோது அவளுக்குத் தெரியும். தாவணியை இரண்டு தரம் உதறிய அந்த நேரத்தில், என்னைப் பொய்யிலிருந்து பிடித்து இழுப்பதா, அதிலேயே விட்டுவிடுவதா என்று யோசித்திருக்கிறாள். ஆமா என்றாள். உப்புமாவைத் தள்ளியது மாதிரி அதையும் என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். ஒரு தரம் என்னைத் திட்டியிருக்கலாம் அவள். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். நான் இவ்வளவு வருஷம் சுமந்திருக்க மாட்டேன்.

இரண்டு கட்டும் என் பீரோவில் இருக்கின்றன. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. சில சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு, கேள்வி கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். பஸ்ஸு அன்னிக்கி எறங்கிச்சிடி, நான்தான் குடுக்கல. அவளுக்கு அது தெரிந்த சேதிதான். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். எந்த நாட்டுக்கு எழுதுவது என்றுதான் தெரியவில்லை.